பழைய டீசல் காருக்குச் சட்டி எண்ணெய்: எந்த வழி யாருக்குக் கட்டுப்படியாகும்?

பலகாரக் கடைச் சட்டியில் மிஞ்சும் எண்ணெயை ஊற்றினால் டீசல் கார் ஓடுமா என்று கேட்டால், ஓடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஓடவே ஓடாது என்றால் யாரும் முயற்சி செய்யப் போவதில்லை. ஊற்றிய அன்று ஒரு வித்தியாசமும் தெரியாமல் ஓடி, புகையில் வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்து, கூட வந்தவர்களெல்லாம் சிரித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போதுதான் டீசல் பம்ப்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் சேர்த்து பில் வருகிறது.

என்னிடம் இருப்பது 2004 மாடல் இண்டிகா, 1405 சிசி, டர்போ இல்லாத பழைய டீசல். விற்கப் போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்கிறார்கள், எஞ்சினோ இன்னும் கல்லுமாதிரி இருக்கிறது, எஃப்சியும் புதுப்பித்தாயிற்று. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒரு சிப்ஸ் கடை. வாரம் ஒரு முறை அண்ணாச்சி சட்டி எண்ணெயை மாற்றும்போது கறுப்பாக ஒரு டின் வெளியே வரும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த டின்னைப் பார்க்கும்போது கை சும்மா இருக்குமா? ஒரு வருஷம் இதே யோசனையாக அலைந்தேன், கொஞ்சம் பரிசோதனையும் செய்தேன், ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வழிகள் என்று பார்த்தால் நாலைந்து இருக்கின்றன. டீசலோடு எண்ணெயை அப்படியே கலந்து ஊற்றுவது ஒன்று. தனியாக இரண்டாவது டேங்க் வைத்து, எண்ணெயைச் சூடாக்கி ஓட்டுவது இன்னொன்று. எஞ்சினைத் தொடாமல் எண்ணெயையே பயோடீசலாக மாற்றி ஊற்றுவது மூன்றாவது. அப்புறம், பயோடீசலை வெளியில் வாங்குவது. கடைசியாக, ஒன்றுமே செய்யாமல் பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பது. இந்தக் கடைசி வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் ஒப்பிடும்போது மற்ற எல்லாவற்றையும் இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் பானெட்டைத் திறந்து என்ன எஞ்சின், என்ன பம்ப் என்று பார்த்துவிடுங்கள். வண்டியின் பின்பக்கம் சிஆர்டிஐ, டிடிஐஎஸ், மல்டிஜெட் என்று எதுவாவது எழுதியிருந்தால் இந்த யோசனையை இன்றோடு விட்டுவிடலாம். அந்தக் காமன் ரெயில் வண்டிகளில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில், மிக நுண்ணிய துளை வழியாகப் போகிறது. அங்கே சட்டி எண்ணெய்க்கு வேலையே இல்லை. பழைய வண்டிகளில் இரண்டு ரகம். இண்டிகா, பழைய டர்போ இல்லாத சுமோ, 1489 சிசி அம்பாசடர் டீசல் இவற்றிலெல்லாம் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே தீப்பிடித்து, பிறகு சிலிண்டருக்குள் வரும். அந்தச் சின்ன அறை கனன்றுகொண்டே இருப்பதால் கெட்டியான எண்ணெய்கூட ஓரளவு எரிந்துவிடும். பிஸ்டன் தலையிலேயே நேராகப் பீய்ச்சும் ரகத்தில், சரியாக எரியாத எண்ணெய் நாசில் நுனியிலும் ரிங்குகளிலும் கரியாக ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் விஷயம் இதைவிட முக்கியம். எங்கள் ஊரில் நாற்பது வருஷமாக டீசல் பம்ப் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் எண்ணெய் என்று வாயைத் திறந்ததுமே, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரோட்டரி பம்ப்புக்கு டீசல்தான் சாப்பாடு, டீசல்தான் எண்ணெய்க் குளியல். நீ கூழை ஊத்துனா அது எதை முழுங்கும், எதைத் தடவிக்கும்?" விஷயம் அவ்வளவுதான். ரோட்டரி பம்ப்பின் உள்பாகங்களுக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே வரும் எரிபொருளே உயவு. குளிர்ந்த, கெட்டியான எண்ணெய் வந்தால் ஷாஃப்டுக்கு வேலை கூடுகிறது. இதிலும் மைக்கோ பாஷ் பம்ப் கொஞ்சம் தாங்கும், அம்பாசடரில் வரும் சிஏவி பம்ப் தாங்காது என்பது அவருடைய அனுபவம். வெளிநாட்டில் இந்த விஷயத்துக்கு ராஜா மாதிரி கொண்டாடப்படும் 1985 வரை வந்த பென்ஸ் 300டி ஏன் அப்படிக் கொண்டாடப்படுகிறது என்றால், அதில் இருப்பது வரிசை பம்ப், எஞ்சின் ஆயிலே அதற்கு உயவு. அந்த வண்டிக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு அம்பாசடரில் எண்ணெய் ஊற்றுவது, யானை கரும்பு தின்பதைப் பார்த்துவிட்டுப் பூனைக்குக் கரும்பு கொடுப்பது போலத்தான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் 1900 பாரிஸ் கண்காட்சியைக் கொண்டுவருவார். டீசல் எஞ்சின் அங்கே கடலை எண்ணெயில் ஓடியது உண்மை, ருடால்ஃப் டீசலே பிற்பாடு அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் அது நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும் எஞ்சின். உங்கள் கார் சிக்னலில் நின்று, சந்தில் திரும்பி, பள்ளிக்கூட வாசலில் பத்து நிமிஷம் ஐடிலில் கிடக்கிறது. எண்ணெய்க்கு ஆகவே ஆகாதது இந்த ஐடில்தான்.

ஏன் ஆகாது? கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். அதே சூட்டில் பாமாயில் சுமார் 40. பத்து மடங்கு. அதைக் கிட்டத்தட்ட 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 12, 13க்கு இறங்கும், அப்போதும் டீசலைவிடக் கெட்டிதான், ஆனால் பழைய நாசில் சமாளித்துக்கொள்ளும் அளவு. சூடான ரேடியேட்டர் தண்ணீரும் அதே 80, 90 டிகிரிதான் என்பதால் எல்லா மாற்று ஏற்பாடுகளும் அந்தத் தண்ணீரின் சூட்டைக் கடன் வாங்கித்தான் நடக்கின்றன.

எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்குமே, எந்தச் சோப்புக்கும் போகாமல், நகத்தால் சுரண்ட வேண்டியிருக்குமே, அதுதான் எண்ணெய் காற்றோடு சேர்ந்து வார்னிஷாக மாறிய நிலை. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் அப்படி ஆகும், கடலை எண்ணெய் நடுத்தரம், பாமாயில் குறைவு, தேங்காய் எண்ணெய் ரொம்பவே குறைவு. அப்படியானால் தேங்காயெண்ணெய்தானே நல்லது என்றால், மார்கழி காலையில் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுத் தலை சீவக் காத்திருந்தவர்களுக்குப் பதில் தெரியும், 24 டிகிரியிலேயே அது உறைய ஆரம்பித்துவிடும். உறையாதது பிசுக்காகிறது, பிசுக்காகாதது உறைகிறது. நம் பக்கத்துச் சட்டிகளில் பெரும்பாலும் பாமாயில்தான், அது உறையும் கட்சி.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதலில் முயன்றது கலப்பு. பம்ப் அண்ணன் பேச்சைக் கேட்காமல், பழைய பருத்தி வேட்டியில் இரண்டு தடவை வடிகட்டிய எண்ணெயை டேங்கில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிக்கொண்டு டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். மலை ஏறும்போது வண்டி பிரமாதம். சத்தம்கூடக் கொஞ்சம் மெத்தென்று இருந்த மாதிரி ஒரு பிரமை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் ஆனது, ஒரு நிமிஷம் ஓடியது, இருமியது, நின்றுவிட்டது. பில்டரைக் கழற்றினால் உள்ளே நெய் மாதிரி வெள்ளையாக ஒரு படலம், விரலால் வழித்து எடுக்கலாம். அத்தை குளிக்கக் காய்ச்சி வைத்திருந்த வெந்நீரை வாளியோடு தூக்கி வந்து, பில்டர் மேல் துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஏர் லாக் எடுத்து, மறுபடி வண்டியைக் கிளப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. "உங்க மாமா காருக்கு ஒரு நாளும் வெந்நி வச்சதில்லடா" என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஆக, அப்படியே கலந்து ஊற்றும் வழியைப் பற்றி என் கருத்து இதுதான். செலவே இல்லாதது, அதனால்தான் எல்லாரும் முதலில் இதில் விழுகிறார்கள். திருச்சி, மதுரை வெயிலில் பத்து சதவீதம் வரை கலந்து ஓட்டுகிறவர்கள் ரொம்ப நாள் ஒன்றும் ஆகாமல் ஓட்டுவார்கள். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் அதே கலவைதான் உள்ளே போகிறது. எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சினுக்கு அடியில் சேம்பரில் இருக்கும் எஞ்சின் ஆயிலோடு சேரும், அங்கே சூட்டில் கிடந்து கெட்டியாகும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் குறையாமல் கூடியிருந்தால் அதுதான் அறிகுறி, சந்தோஷப்பட வேண்டாம். பத்து சதவீதம் கலந்து மிச்சமாகும் காசு, எஞ்சின் ஆயிலைப் பாதி தூரத்திலேயே மாற்றும் செலவுக்குப் போய்விடும். மண்ணெண்ணெயும் சேர்த்து இளக்கி ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். மண்ணெண்ணெய்க்கு உயவுத்தன்மை ரொம்பக் குறைவு, கிடைப்பதும் கஷ்டம், மாட்டினால் கலப்படக் கேஸ் வேறு.

இரட்டை டேங்க் முறைதான் இதில் மூளையுள்ள ஏற்பாடு. டீசலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் சூடாகி, டிக்கியில் இருக்கும் எண்ணெய் டேங்குக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயும் சூடான பிறகு ஒரு ஸ்விட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னால் மறுபடி டீசலுக்கு மாறி, பம்ப்பிலும் நாசிலிலும் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புதிதாகத் தெரியாது. 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பெட்ரோலைச் சில துளி கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய மொரிஸ் மைனர் எல்லாம் அப்படித்தான் ஓடிற்று. எளிதில் பற்றுவதில் தொடங்கி, சூடானதும் மட்டமானதுக்கு மாறுவது. தத்துவம் அதேதான், அவர்களுக்கு அது பொழுதுபோக்காக இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உள்ளே சுருள் குழாய் வைத்து வெல்டிங் செய்த இருபது லிட்டர் ஸ்டீல் டேங்க், எஞ்சின் அருகே ஒரு சின்ன ஹீட் எக்ஸ்சேஞ்சர், எண்ணெய்க்குத் தனி பில்டர், போகும் வழிக்கு ஒன்றும் ரிட்டர்ன் லைனுக்கு ஒன்றுமாக கரண்டில் திறந்து மூடும் இரண்டு சாலனாய்டு வால்வு, நீள நீளமாக ஹோஸ், டாஷ்போர்டில் ஸ்விட்சும் வெப்பமானியும். பம்ப்பிலும் நாசிலிலும் மிஞ்சுவதை டேங்குக்குத் திருப்பும் இந்த ரிட்டர்ன் லைனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் எண்ணெய் டீசல் டேங்குக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில் இரண்டு டேங்கிலும் ஒரே கலவைதான் இருக்கும். செம்புக் குழாய் பார்க்க அழகாக வளையும், ஆனால் செம்பும் பித்தளையும் சூடான எண்ணெயைச் சீக்கிரம் பிசுக்காக்கும், அலுமினியமோ ஸ்டீலோ போதும். லேத் கூலியெல்லாம் சேர்த்து எனக்கு வந்த தொகை 28 ஆயிரம். ஒரு டேங்கிலேயே, நாசிலையும் ஹீட்டர் பிளக்கையும் மாற்றி, எண்ணெயிலேயே ஸ்டார்ட் செய்யும் முறையும் இருக்கிறது, ஜெர்மனியில் எல்ஸ்பெட் என்ற நிறுவனம் அதற்குப் பேர் போனது. ஆனால் இண்டிகாவுக்கு யார் நாசில் செய்து தருவார்கள்? அதோடு விட்டேன்.

கணக்கை உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. மாதம் 700 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 14, 15 கொடுக்கிறது, அப்படியானால் 48 லிட்டர் டீசல். இதில் கணிசமான பகுதி ஊருக்குள் நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று போய் வருவது. இந்தச் சின்ன ஓட்டத்தில் எண்ணெய் சூடாகும் முன் வீடு வந்துவிடும், ஸ்விட்சைத் தொடவே வாய்ப்பில்லை. மிச்சமுள்ள நீண்ட ஓட்டத்தில் மட்டும், சூடாகும் தூரத்தையும் கழுவும் தூரத்தையும் கழித்தால், 24 லிட்டர் டீசலுக்குப் பதில் எண்ணெய் போகலாம். லிட்டருக்கு லிட்டர் எண்ணெயில் சக்தி ஐந்தாறு சதவீதம் குறைவு, அதனால் 25 லிட்டருக்கு மேல் எண்ணெய் வேண்டும்.

சரி, எண்ணெய் சும்மாதானே? இல்லை. அண்ணாச்சி ஒரு காலத்தில் கூப்பிட்டுக் கொடுத்திருப்பார், இப்போது மாட்டார். உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூலையிலிருந்து, திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ரூகோ என்ற பெயரில் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டமும் வந்தது. இப்போது சேகரிக்கிறவர்கள் கேனோடு வாசலுக்கே வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். "உங்களுக்காக லிட்டர் அம்பது ரூவாய்க்குப் போடுறேன் தம்பி, அதுக்குக் கீழ முடியாது" என்றார் அண்ணாச்சி. அதில் அடியில் கசடு, தண்ணீர், மாவுத்தூள் போக பத்துப் பதினைந்து சதவீதம் கழிந்துவிடும். கைக்கு வருவது லிட்டர் அறுபது ரூபாய் எண்ணெய். எல்லாம் சேர்த்து மாதம் மிச்சம் சுமார் எழுநூறு ரூபாய். 28 ஆயிரத்தைத் திரும்ப எடுக்க மூன்று வருஷத்துக்கும் மேல். நடுவில் ஒரே ஒரு தடவை பம்ப் இறங்கினால் கணக்கு முடிந்தது.

புது எண்ணெயை ஊற்றலாமே என்று நினைப்பவர்களுக்கு, மளிகைக் கடை விலையைப் பாருங்கள், பாமாயிலே டீசலைவிட அதிகம். புங்கம், இலுப்பை இவையும் அப்படித்தான், கோவில் விளக்குக்கும் பூச்சி விரட்டவும் வாங்க ஆள் இருக்கும் எண்ணெய் எப்படி மலிவாகக் கிடைக்கும்? காட்டாமணக்கு நடச் சொல்லி ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது, நட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ரேஷன் பாமாயில் 25 ரூபாய்தானே என்று ஒருவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அது கார்டுக்கு மாதம் ஒரு பாக்கெட். நாலு கார்டு பாக்கெட்டைச் சேர்த்தாலும் அறுபது கிலோமீட்டர் தாண்டாது, அதோடு அது ஒரு வீட்டுத் தாளிப்பு எண்ணெய்.

இனி பயோடீசல். வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் இதைத்தான் முதல் சிபாரிசாகச் சொல்வார்கள், காரணமும் நியாயமானது. வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம், டேங்க் போட வேண்டாம், ஸ்விட்ச் கிடையாது. எண்ணெயின் மூலக்கூறை உடைத்து டீசலைப் போலவே இளக்கமாக்கிவிடுகிறோம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு சுமார் 200 மில்லி மெத்தனால், புது எண்ணெயாக இருந்தால் மூன்றரை கிராம் காஸ்டிக் சோடா, பழைய எண்ணெய் என்றால் புளிப்பைச் சோதித்து இன்னும் கொஞ்சம். 55 டிகிரி சூட்டில் கலக்கி, ஓர் இரவு வைத்தால் கீழே கிளிசரின் காப்பிக்கொட்டை நிறத்தில் படியும், மேலே தேன் நிறத்தில் பயோடீசல் நிற்கும். அதைத் தண்ணீரால் அலசி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் பாத்திரம் முழுக்கச் சோப்புதான். இதைச் சோதிக்க ஒரு கைவைத்தியம் உண்டு, சூடான தோசைக்கல்லில் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள், சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பிரிட்டனில் 2007 முதல் வருஷத்துக்கு 2500 லிட்டர் வரை தயாரித்தால் எரிபொருள் தீர்வையே இல்லை, அதனால் அங்கே கார் ஷெட்டில் டிரம் வைத்துக் காய்ச்சுகிறார்கள்.

இங்கே கதை மெத்தனாலிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும், 1959ஆம் வருஷத்து விதிகள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயம் என்று மெத்தனாலைக் குடித்து மனிதர்கள் செத்தார்கள், கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். அதற்குப் பிறகு, காருக்கு எரிபொருள் காய்ச்சுகிறேன் சார் என்று ஒரு கேன் மெத்தனாலோடு நிற்பவரைப் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அப்படிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. எத்தனாலில் செய்யலாமே என்றால் அதுவும் மதுவிலக்குத் துறைதான். இது தவிர மெத்தனால் ஆவி கண்ணைப் பறிக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீலச் சுடரில் எரியும். மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் வைக்கும் சாமானா அது? இங்கிலீஷில் எழுதியிருக்கும் வழிகாட்டிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. அவர்களுக்குச் சுலபமான வழி நமக்கு அடைப்பு. அவர்களுக்குக் குளிரால் கஷ்டமான இரட்டை டேங்க், சமவெளியில் இருக்கும் நமக்குச் சுலபம்.

பயோடீசலை விலைக்கு வாங்குவது பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. டீசலில் கலப்பதற்காக நூறு சதவீத பயோடீசலைச் சில்லறையில் விற்க 2019 ஏப்ரலில் மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது, 2030க்குள் ஐந்து சதவீதக் கலப்பு என்பது 2018 கொள்கையின் இலக்கு. நம்பிக்கையான இடத்தில், டெஸ்ட் ரிப்போர்ட்டோடு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தால் இருபது சதவீதம் வரை கலந்து பழைய எஞ்சினுக்குத் தாராளமாக ஊற்றலாம் என்பேன். முதல் இரண்டு மாதம் பில்டர் சீக்கிரம் அடைக்கும், டேங்கில் இருபது வருஷமாகப் படிந்த அழுக்கையெல்லாம் அது கரைத்துக்கொண்டு வரும், கையில் ஒரு ஸ்பேர் பில்டர் இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஊறிப்போகச் செய்யும், பயோடீசலைத் தாங்கும் வைட்டான் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. ஹைவே ஓரத்தில் பேனர் கட்டி பயோடீசல் என்ற பேரில் மலிவாக விற்கும் எதையும் தொடாதீர்கள். அது சால்வென்டா, பர்னஸ் ஆயிலா என்று உங்களுக்கும் தெரியாது, பல சமயம் விற்பவருக்கும் தெரியாது.

சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தடுக்கிறது, ஆர்சியில் எரிபொருள் டீசல் என்றுதான் இருக்கிறது. டிக்கியில் வெல்டிங் டேங்க்கோடு எஃப்சிக்குப் போய் நின்றால் என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைக்க வேண்டும். விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரருக்கு கிளெய்மை மறுக்க அந்த டேங்க் ஒன்றே போதும். நான் தயங்கியதற்கு பாதிக் காரணம் இதுதான்.

அப்படியானால் யாருக்குத்தான் இது பொருந்தும் என்றால், எனக்குத் தெரிந்து ஒருத்தருக்குப் பொருந்துகிறது, அது அண்ணாச்சியேதான். என்னைப் பார்த்து யோசனை பிடித்து, நான் போட்ட படத்தை வாங்கிக்கொண்டு போய், தன் பழைய சுமோவில் இரட்டை டேங்க் போட்டுவிட்டார். தேனி வரை சரக்கு போட தினமும் 150 கிலோமீட்டர், நடுவில் நிற்பது இரண்டே இடம். மாதம் 340 லிட்டர் டீசல் குடித்த வண்டியில் இப்போது முக்கால்வாசிக்கு மேல் எண்ணெய், தன் சட்டியிலிருந்தும் தெரிந்த இரண்டு கடையிலிருந்தும். சேகரிக்கிறவர் கொடுக்கும் ஐம்பது ரூபாயை விட்டுக்கொடுத்தும் மாதம் எட்டு ஒன்பதாயிரம் மிச்சம் என்கிறார், போட்ட காசு நாலு மாதத்தில் வந்துவிட்டது. எஞ்சின் ஆயிலை 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறார், டிரம்மில் எண்ணெயை இரண்டு வாரம் அசையாமல் வைத்து மேலாக மட்டும் எடுக்கிறார், அடியில் இருக்கும் நாலு விரக்கடையைத் தொடுவதில்லை. ஒரு தடவை டிரைவர் பையன் நிறுத்தும்போது டீசலுக்கு மாற்ற மறந்துவிட்டான், மறுநாள் பெரியகுளத்தில் வண்டியைத் தள்ளிய பிறகு இன்றுவரை மறக்கவில்லை. ஆர்டிஓ விஷயம் என்ன ஆகும் அண்ணாச்சி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

என் இண்டிகாவுக்கு டீசல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக்கே வேலை மாறி, தினமும் பழனி போய் வர வேண்டியிருந்தால் திரும்ப யோசிப்பேன், இப்போதைக்கு இல்லை. ஷெட்டில் வடிகட்டி வைத்திருந்த நாற்பது லிட்டர் எண்ணெயை ஆட்டோவில் ஏற்றி அண்ணாச்சியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். தோசைக்கல்லில் ஒரு கரண்டி விட்டு, வெடிக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் இறக்கச் சொன்னார். காசு தரவில்லை. ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் கட்டிக் கொடுத்தார்.